இபோகைன் கொடுத்த எலியின் சிறுநீரகம்: ஒரு கிராம் திசுவில் எதை அளப்பது?

250 கிராம் எலியின் ஒரு சிறுநீரகம் ஏறத்தாழ ஒரு கிராம் எடைதான் இருக்கும். மருந்தால் அதில் ஆக்சிஜனேற்றச் சேதம் வருகிறதா என்று பார்க்க, தற்காப்பு நொதிகளான எஸ்ஓடி, கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ், ரிடக்டேஸ், தற்காப்பு மூலக்கூறான ஜிஎஸ்எச் (குளூட்டாதயோன்), கொழுப்பு கெட்டதைக் காட்டும் எம்டிஏ, புரதம் கெட்டதைக் காட்டும் கார்போனில், புரத அளவுக்கு வெஸ்டர்ன் பிளாட், திசுச் சீவல் என்று எல்லாவற்றையும் அதற்குள் அடைக்கப் பார்த்தால் எதுவும் உருப்படியாக வராது. இபோகைன் போன்ற ஒரு மருந்தில் இந்தப் பேராசை இன்னும் மோசம். ஒரே வேளை மருந்து, சில மணி நேர விளைவு, தானாகவே சிதையும் வேதிப்பொருள்கள். எதை அளப்பது என்ற முடிவைக் கத்தி எடுப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

இபோகைன் காபோன் நாட்டுப் புவிட்டி சடங்குகளில் பயன்படும் இபோகா புதரின் வேர்ப்பட்டையில் இருக்கும் ஆல்கலாய்டு. ஹெராயின் ஏக்கத்தைக் குறைக்கும் என்று 1962இல் அமெரிக்காவில் ஹோவர்ட் லாட்சாஃப் கண்டதிலிருந்து போதை மீட்பு மருந்தாகப் பேசப்படுகிறது. அமெரிக்காவில் 1967 முதல் தடை. நம் வீட்டு வாசலில் பூக்கும் நந்தியாவட்டையும் இதே குடும்பம்தான். அதிலுள்ள கொரோனாரிடின் இபோகா வகை ஆல்கலாய்டு. அதற்காக யாரும் நந்தியாவட்டை வேரைக் காய்ச்சிக் குடிக்கக் கிளம்ப வேண்டாம். இபோகைன் ஆளைக் கொல்வது பெரும்பாலும் இதயத்தின் வழியாக. இதயத்தசையின் பொட்டாசியம் வாய்க்காலை அடைத்து, இசிஜியில் க்யூடி இடைவெளியை, அதாவது இதயக் கீழறைகள் சுருங்கி மீளும் நேரத்தை, நீட்டுகிறது. பொட்டாசியமும் மக்னீசியமும் குறைந்த உடலில் அந்த ஆபத்து கூடும். அந்த இரண்டையும் காப்பது சிறுநீரகக் குழல்கள். இதயத்துக்கு ஆபத்தான மருந்தில் சிறுநீரகத்தைப் பார்ப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

டோஸ்: 1, 20, 40, எதை எடுப்பது?

செர்பியாவின் பெல்கிரேடு ஆய்வுக் குழு எலிச் சிறுநீரகத்தில் பார்த்தது வாய்வழி 1 மற்றும் 20 மி.கி./கிலோ, 6 மற்றும் 24 மணி நேரம். போதைப் பழக்க ஆய்வுகளில் மார்ஃபின், கோகைன் நாட்டத்தைக் குறைக்கப் பயன்பட்ட அளவு பெரும்பாலும் 40 மி.கி./கிலோ, வயிற்றறை ஊசியாக. 100 மி.கி./கிலோ போனால் சிறுமூளையின் புர்கின்யே செல்கள் அழிகின்றன. அது வேறு கேள்வி, சிறுநீரகத்துக்கு அந்த அளவு வேண்டியதில்லை.

மனித அளவோடு ஒப்பிடும்போது பலர் சறுக்குகிறார்கள். எலியின் 20 மி.கி./கிலோ என்பது மனிதனின் 20 அல்ல. உடற்பரப்புக் கணக்கில் 6.2ஆல் வகுக்க வேண்டும், 3.2தான் வரும். 2024 ஜனவரியில் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், 30 முன்னாள் படைவீரர்களுக்கு மக்னீசியத்துடன் கொடுத்தது சுமார் 12 மி.கி./கிலோ. அதை எலிக்கு மாற்றினால் ஏறத்தாழ 74. ஆகவே 20இல் ஒன்றும் ஆகவில்லை என்றால் "சிகிச்சை அளவில் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பு" என்று எழுத முடியாது. 20இல் மாற்றம் தெரிந்தால் அது குறைந்த அளவிலேயே வந்த மாற்றம், அதற்கு மதிப்பு அதிகம்.

என் தேர்வு 0, 20, 40. ஏற்கெனவே வந்த முடிவுகளோடு நேராக ஒப்பிடுவதுதான் நோக்கம் என்றால் 0, 1, 20. இரண்டு நேரப் புள்ளி, குழுவுக்கு 6 எலி என்றால் மொத்தம் 36. நெறிமுறைக் குழுவின் ஃபார்ம் பி-யில் இந்தக் கணக்கை அப்படியே எழுதலாம்.

உப்பா, காரமா என்று குப்பியின் லேபிளைப் பாருங்கள். இபோகைனின் மூலக்கூறு எடை 310.4, ஹைட்ரோகுளோரைடு 346.9. கார அளவில் 20 மி.கி. வேண்டுமானால் உப்பு 22.35 மி.கி. நிறுக்க வேண்டும். கிலோவுக்கு 5 மி.லி. கொடுத்தால், 250 கிராம் எலிக்கு 1.25 மி.லி. கரைசலில் 5.6 மி.கி. உப்பு. கரைசலை அன்றன்றே தயாரித்துப் பழுப்புக் குப்பியில் வையுங்கள். ஒளியிலும் காற்றிலும் இபோகைன் ஆக்சிஜனேற்றமாகிச் சிதையும். மூன்று நாள் பழைய கரைசலைக் கொடுத்துவிட்டு இபோகைனின் விளைவு என்று எழுதினால் அது எதன் விளைவு என்று யாருக்கும் தெரியாது.

ஆண், பெண் எலிகளைக் கலக்காதீர்கள். ஒரே டோஸில் பெண் எலிகளில் இபோகைன் அளவு கூடுதலாக இருக்கும். இரண்டு பாலும் வேண்டும் என்றால் இரண்டையும் முழுக் குழுவாக வையுங்கள்.

வாய்வழியா, ஊசியா?

மனிதர்கள் விழுங்குகிறார்கள். குடலில் ஏறி, கல்லீரலில் மெத்தில் நீங்கி நோரிபோகைனாக மாறிய பிறகே பெரும்பகுதி சிறுநீரகத்தை அடைகிறது. மனித உடலில் இபோகைன் பாதியாகக் குறைய சில மணி நேரம், நோரிபோகைனுக்கு ஒரு நாளுக்கும் மேல். வயிற்றறை ஊசியில் டோஸ் துல்லியமாக இருக்கும், ஆனால் வயிற்றுறை எரிச்சலே ஆக்சிஜனேற்ற அளவுகளை ஏற்றும். சிறுநீரகம் பக்கத்திலேயே இருக்கிறது. வாய்வழிதான் சரி. கட்டுப்பாட்டு எலிக்கும் அதே குழாய், அதே நீர், அதே பிடி.

நேரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. எல்லா எலிக்கும் காலை 9 மணிக்கு மருந்து கொடுத்தால், 6 மணி நேரக் குழுவை மாலை 3 மணிக்கும் 24 மணி நேரக் குழுவை மறுநாள் காலை 9 மணிக்கும் அறுப்பீர்கள். ஜிஎஸ்எச் நாளின் நேரத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். அப்புறம் நீங்கள் ஒப்பிடுவது மருந்தை அல்ல, கடிகாரத்தை. கொல்லும் நேரத்தை ஒன்றாக வைத்து, மருந்து கொடுக்கும் நேரத்தை மாற்றுங்கள். இயலாவிட்டால் ஒவ்வொரு நேரத்துக்கும் தனிக் கட்டுப்பாட்டுக் குழு கட்டாயம்.

இபோகைன் எலியை நடுங்க வைக்கும். நடுங்கும் எலி சரியாகத் தின்னாது. பட்டினியே குளூட்டாதயோனைக் குறைக்கும். 24 மணி நேரக் குழுவின் தீனியை நிறுத்துக் குறிப்பதற்கு ஒரு தராசு போதும். அதைச் செய்யாததால் கேள்வி கேட்கப்பட்ட கட்டுரைகள் ஏராளம்.

முதலில் இரத்தத்தைக் கழுவுங்கள்

சிவப்பணுக்களில் கேட்டலேஸும் காப்பர்-துத்தநாக எஸ்ஓடியும் நிறைந்திருக்கின்றன. கழுவாத சிறுநீரகத்தில் நீங்கள் அளப்பதில் ஒரு பகுதி இரத்தம்தான். குளிர்ந்த 0.9 சதவீத உப்புநீரை இதயத்தின் வழியாகவோ வயிற்றுப் பெருந்தமனி வழியாகவோ செலுத்தினால், கருஞ்சிவப்பாக இருந்த சிறுநீரகம் சில நொடிகளில் வெளிறிய காபிநிறமாகும். திட்டுத்திட்டாக நிறம் நின்றால் அந்தப் பகுதி கழுவப்படவில்லை. ஒரு எலியில் நன்றாகவும் அடுத்ததில் அரைகுறையாகவும் கழுவினால் குழுவுக்குள் சிதறல் பெருகி, இருக்கும் வித்தியாசமும் தெரியாமல் போகும். வசதி இல்லையென்றால் ஹீமோகுளோபினை அளந்து திருத்துங்கள், அல்லது கேட்டலேஸை ஒதுக்கிவிடுங்கள்.

எந்தச் சிறுநீரகம் எதற்கு என்பதை எல்லா எலியிலும் ஒன்றாக வையுங்கள். வலது முழுவதும் வேதியியலுக்கு, இடது சீவலுக்கு. இடதை நீளவாக்கில் பிளந்து 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் போடுங்கள். முழுச் சிறுநீரகத்தை அப்படியே போட்டால் ஃபார்மலின் உள்ளே போகாமல் நடுப்பகுதி அழுகும். பிறகு அதை மருந்தின் விளைவு என்று யாராவது படிப்பார்கள். சாதாரண எச்&இ நிறத்தோடு பிஏஎஸ் நிறமும் போடுங்கள். அருகமைக் குழலின் (வடிகட்டியை அடுத்த முதல் குழல்) தூரிகை விளிம்பு அதில்தான் நன்றாகத் தெரியும்.

ஜிஎஸ்எச்: சிறுநீரகத்துக்கு மட்டும் உள்ள சிக்கல்

கல்லீரலுக்கு எழுதிய ஜிஎஸ்எச் முறையைச் சிறுநீரகத்துக்கு அப்படியே எடுத்தால் தோற்கும். அருகமைக் குழலின் தூரிகை விளிம்பில் காமா-குளூட்டாமைல் டிரான்ஸ்பெப்டிடேஸ் கொட்டிக் கிடக்கிறது. திசுவைக் கிழித்த கணத்திலிருந்தே அது ஜிஎஸ்எச்சை உடைக்கத் தொடங்கும். பத்து நிமிடம் பனிக்கட்டி மேல் காத்திருந்த துண்டில் கிடைப்பது ஜிஎஸ்எச்சின் மிச்சம்தான். அது உடைந்த சிஸ்டீனும் தையால் (கந்தக-ஹைட்ரஜன் தொகுதி உள்ள சேர்மம்) என்பதால், தையாலோடு மஞ்சளாகும் டிடிஎன்பியை மட்டும் போட்டு 412 நானோமீட்டரில் பார்த்தால் அதுவும் சேர்ந்து மஞ்சளாகத் தெரியும். எண் அழகாக வரும், ஆனால் அது ஜிஎஸ்எச் அல்ல.

வழி இரண்டு. முதலாவது, 100 மி.கி. புறணித் (சிறுநீரகத்தின் வெளிப்பகுதி) துண்டை ஒரு நிமிடத்துக்குள் திரவ நைட்ரஜனில் போட்டு, உறைந்தபடியே 5 சதவீத சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தில் 1 மி.லி.க்கு அரைப்பது. நொதி செத்துவிடும். பிறகு குளூட்டாதயோன் ரிடக்டேஸ் மறுசுழற்சி முறையில் டிடிஎன்பி நிற வேகத்தை அளப்பது. இந்த முறையில் சிஸ்டீன் நுழையாது. இரண்டாவது, எல்லாத் தையாலையும் அளந்து "மொத்தக் குறைந்த எடைத் தையால்" என்று நேர்மையாகப் பெயரிடுவது. இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதின் பெயரைப் போடக் கூடாது.

ஜிஎஸ்எச்சின் ஆக்சிஜனேற்றமான வடிவமான ஜிஎஸ்எஸ்ஜி வேண்டுமென்றால் இன்னும் கவனம் வேண்டும். சிறுநீரகத்தில் ஜிஎஸ்எச் கிராமுக்குச் சில மைக்ரோமோல். ஜிஎஸ்எஸ்ஜி அதில் நூற்றில் ஒரு பங்கு அளவு. மாதிரி தயாரிக்கும்போது ஜிஎஸ்எச்சில் 2 சதவீதம் காற்றில் ஆக்சிஜனேற்றமானாலும் ஜிஎஸ்எஸ்ஜி இரட்டிப்பாகிவிடும். அரைக்கும்போதே என்-எத்தில்மாலிமைடோ, பின்னர் 2-வினைல்பிரிடினோ போட்டு ஜிஎஸ்எச்சைக் கட்டிப்போடாமல் ஜிஎஸ்எச்/ஜிஎஸ்எஸ்ஜி விகிதத்தை வெளியிடுவது வீண். என்-எத்தில்மாலிமைடு பயன்படுத்தினால் மிச்சத்தை நீக்கியாக வேண்டும், இல்லையேல் அது ரிடக்டேஸையும் முடக்கும். அந்தத் தலைவலி வேண்டாதவர்கள் 2-வினைல்பிரிடினுக்குப் போகலாம். நாற்றம் தாங்காது, ஃப்யூம் ஹூட் தேவை.

நொதிகள்: எதை விடலாம்?

அரைப்புக்கு 0.25 மோலார் சுக்ரோஸ், 1 மில்லிமோலார் ஈடிடிஏ, 50 மில்லிமோலார் ட்ரிஸ், பிஎச் 7.4. ஒரு பங்கு திசுவுக்குப் பத்துப் பங்கு பஃபர். பனிக்கட்டியில் வைத்தே பத்துப் பத்து நொடியாக மூன்று முறை சோனிகேட் செய்து, 4 டிகிரியில் 12,000 ஜி, 20 நிமிடம். அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ் இருந்தால் 1,00,000 ஜி, 90 நிமிடம். கேட்டலேஸ் பெராக்சிசோமிலும், மாங்கனீசு எஸ்ஓடி மைட்டோகாண்ட்ரியாவிலும் இருப்பதால் செல் உறுப்புகளைச் சரியாக உடைக்காவிட்டால் இரண்டும் வண்டலோடு போய்விடும்.

கேட்டலேஸ் மலிவானது, விரைவானது, கெடுவதும் எளிது. 50 மில்லிமோலார் பாஸ்பேட், பிஎச் 7, 10 மில்லிமோலார் ஹைட்ரஜன் பெராக்சைடு, 240 நானோமீட்டர். தொடக்க அளவீடு 0.436 வர வேண்டும் (43.6ஐப் 10 மில்லிமோலாரால் பெருக்கிப் பாருங்கள்). 0.3 காட்டினால் உங்கள் பெராக்சைடு பாட்டில் பழசு. குவார்ட்ஸ் கியூவெட் வேண்டும். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் 240ஐ விழுங்கிவிடும். பத்து சதவீத அரைப்பை நேராக ஊற்றினால் கியூவெட் சோடா பாட்டில் மாதிரிப் பொங்கும், அளவீடு குதிக்கும். 50 அல்லது 100 மடங்கு நீர்த்து, முதல் 30 நொடிச் சரிவை மட்டும் எடுங்கள். பஃபரில் சோடியம் அசைடு இருந்தால் கேட்டலேஸ் பூஜ்யமாக வரும். பூஞ்சை பிடிக்காமலிருக்க யாரோ போட்டு வைத்த அசைடு, பாட்டிலைப் பார்த்தாலே தெரியாது.

குளூட்டாதயோன் பெராக்சிடேஸில் அசைடு வேண்டும், கேட்டலேஸை அடக்க. இந்த இரண்டு பஃபரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால்தான் மேற்சொன்ன கதை. நம் ஊர் ஆய்வேடுகளில் அதிகம் தென்படும் ராட்ரக் முறை, மீந்த ஜிஎஸ்எச்சை டிடிஎன்பியில் அளக்கிறது. மலிவு. ஆனால் பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்து எடுக்கும் சிறிய எண். என்ஏடிபிஎச் இணைப்பு முறையில் (1 மில்லிமோலார் ஜிஎஸ்எச், 0.2 மில்லிமோலார் என்ஏடிபிஎச், மி.லி.க்கு 1 யூனிட் ரிடக்டேஸ், 1 மில்லிமோலார் அசைடு, 340 நானோமீட்டர்) வேகத்தை நேராகப் பார்க்கலாம். பெராக்சைடில் தொடங்கினால் செலினியம் நொதி மட்டும் தெரியும். குமீன் ஹைட்ரோபெராக்சைடில் தொடங்கினால் ஜிஎஸ்டியும் (குளூட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபெரேஸ் நொதி) சேர்ந்து வரும். எதில் தொடங்கினீர்கள் என்று எழுதாத அட்டவணையை யாரும் ஒப்பிட முடியாது. செலவு கட்டுப்படியானால் இணைப்பு முறைதான். அதே என்ஏடிபிஎச் வைத்து ரிடக்டேஸையும் அளந்துவிடலாம்.

எஸ்ஓடிக்கு அட்ரினலின் முறை போதும்: பிஎச் 10.2, 480 நானோமீட்டர், தன்னாக்சிஜனேற்றத்தைப் பாதியாகத் தடுப்பது ஒரு யூனிட். அட்ரினலினை 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து வைக்க வேண்டும், இளஞ்சிவப்பு ஏறினால் கொட்டிவிடுங்கள். மாங்கனீசு எஸ்ஓடியைத் தனியே பிரிக்கச் சயனைடு போடுகிறார்கள். சயனைடு அமிலத்தில் பட்டால் உயிரைக் குடிக்கும். பக்கத்து மேசையில் டிசிஏ அமிலம் இருக்கும் ஆய்வகத்தில், தேவை உறுதியானால் மட்டும் தொடுங்கள்.

புரதத்துக்கு லவ்ரி வேண்டாம். ட்ரிஸ், சுக்ரோஸ், ஈடிடிஏ மூன்றுமே அதில் குறுக்கிடும். பிராட்ஃபோர்டு போடுங்கள். ஆனால் டிரைட்டான் எனும் சோப்புப் பொருள் கலந்த மாதிரியில் அதுவும் பொய் சொல்லும்.

ஒன்றை விட வேண்டுமென்றால் ஜிஎஸ்டியை விடுங்கள். பலர் விடும் ஒன்றைச் சேருங்கள்: சாந்தின் ஆக்சிடேஸ். ஒரே வேளை இபோகைனில் எலிக் கல்லீரலின் கிளைகோஜன் வேகமாகக் குறைகிறது, அதாவது ஆற்றல் செலவு மாறுகிறது. ஏடிபி உடைந்து ஹைபோசாந்தின் சேர்ந்தால், அதைத் தின்று சூப்பராக்சைடு உமிழ்வது இந்த நொதி. எஸ்ஓடியும் கேட்டலேஸும் தற்காப்பு மட்டும். தாக்குதல் எங்கிருந்து வருகிறது என்று சொல்லும் அளவீடு இது ஒன்றுதான். யூரிக் அமிலம் உருவாவதை 295 நானோமீட்டரில் பார்க்கலாம். ஆனால் திசு சூடாகக் கிடந்தால், டிஹைட்ரஜனேஸ் வடிவம் ஆக்சிடேஸாக மாறிவிடும். பிஎம்எஸ்எஃப்பும் டிடிடியும் சேர்த்த தனிப் பஃபரில் 100 மி.கி. அரையுங்கள். டிடிடியும் தையால்தான், அது உள்ள அரைப்பை டிடிஎன்பி பக்கம் கொண்டுபோகக் கூடாது.

சேதம்: டிபிஏஆர்எஸ், ஐசோபுரோஸ்டேன், கார்போனில்

டிபிஏஆர்எஸ், அதாவது தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு எம்டிஏ தரும் நிறத்தை அளப்பது, எல்லோரும் செய்வது. இளஞ்சிவப்பு நிறம், 532 நானோமீட்டர், மி.லி.க்கு 1 நானோமோலுக்கு 0.156. இங்கே நடக்கும் பெரிய தவறு, நொதிகளுக்கு அரைத்த சுக்ரோஸ் கலவையையே கொதிக்க வைப்பது. சர்க்கரையும் தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு நிறம் கொடுக்கும். 1.15 சதவீத பொட்டாசியம் குளோரைடில் தனியாக 100 மி.கி. அரையுங்கள். பிஎச்டி (BHT) எனும் ஆக்சிஜனேற்றத் தடுப்பானைக் கொதிக்கும் முன்பே சேருங்கள், இல்லையேல் கொதிநீரிலேயே கொழுப்பு கெட்டு எம்டிஏ பிறக்கும். குழாயில் மேலெழும் பியூட்டனால் அடுக்கு ரோஜா நிறமாகத் தெளிந்திருக்க வேண்டும். ஆரஞ்சாகவோ மங்கலாகவோ இருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

கொழுப்பு கெடும்போது பிறக்கும் 8-ஐசோ ஐசோபுரோஸ்டேனை அளக்கும் கிட் இதைவிடக் குறிப்பானது, விலையும் கூட. ஆனால் அதே பொருளை அழற்சியில் வேலை செய்யும் காக்ஸ் நொதியும் ஓரளவு உண்டாக்கும். திசுவை அறுத்தவுடன் பிஎச்டியும் இன்டோமெத்தசினும் சேர்த்து மைனஸ் 80இல் வைக்காவிட்டால், அந்த விலை வீண். எச்பிஎல்சி கைவசம் இருந்தால், டிபிஏ சேர்மத்தைப் பிரித்து எம்டிஏவை மட்டும் எடுப்பது நடுவழி. நான் பணம் செலவிடுவதானால் இங்கே செலவிடுவேன். புரதக் கார்போனில் 24 மணி நேரக் குழுவுக்குப் பொருந்தும். 6 மணி நேரத்தில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

வெஸ்டர்ன் பிளாட் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடிமுழுகாது. 6 மணி நேரத்தில் நொதியின் வேலை மாறியும் புரத அளவு மாறாமலிருக்கலாம். அப்போதுதான் பிளாட் பேசும்: மாற்றம் உற்பத்தியிலா, முடக்கத்திலா என்று.

வலது சிறுநீரகத்தின் பங்கீடு இப்படி வரும். கழுவியவுடன் புறணியிலிருந்து 100 மி.கி. ஜிஎஸ்எச்சுக்கு, நேராக நைட்ரஜனில். அடுத்த 100 சாந்தின் ஆக்சிடேஸுக்கு. 100 டிபிஏஆர்எஸுக்கு. 250 நொதிகளுக்கு. மிச்சம் இரண்டு குப்பியாக மைனஸ் 80இல். ஒரே குப்பியில் போட்டால் உருக்கி உறைய வைக்கும் ஒவ்வொரு முறையும் கேட்டலேஸ் இறங்கும். புறணியையும் உட்பகுதியையும் கலக்காதீர்கள், ஆக்சிஜன் வரத்து இரண்டுக்கும் வேறு.

சிறுநீரகம் வேலை செய்கிறதா என்பதற்கு சீரம் கிரியாட்டினினை மட்டும் நம்ப முடியாது. வடிகட்டும் திறன் கணிசமாக விழுந்த பிறகே அது ஏறும். வளர்சிதைக் கூண்டில் 24 மணி நேரச் சிறுநீர் பிடித்து, கிம்-1 (குழல் காயப்பட்டால் சிறுநீரில் ஏறும் புரதம்) அளவும் சோடியம், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றும் பாருங்கள். இதயத்தோடு இணைக்கும் கயிறு அங்கேதான் இருக்கிறது.

கணக்கிடும்போது டோஸ் ஒரு காரணி, நேரம் ஒரு காரணி என்று இருவழி அனோவா. ஒரே எலியின் மூன்று கியூவெட் மூன்று மாதிரி ஆகாது. அவற்றின் சராசரி ஓர் எண், எலி ஓர் எண். டிபிஏஆர்எஸ் ஏறி, சீவலில் ஒன்றுமே தெரியாமல், கிம்-1 அசையாமல் இருந்தால் "சிறுநீரகச் சேதம்" என்று தலைப்பில் போடாதீர்கள். ஆக்சிஜனேற்றச் சமநிலை 6 மணியில் ஒரு பக்கம் சாய்ந்து 24இல் திரும்பியது என்று எழுதுங்கள், அளந்தது அதைத்தான்.